ஏழரை

மண்டியில் ஏலம் விடிகாலை மூன்றுக்கு.
ரெண்டரைக்கு எழுந்தால்தான்
கணக்கு நோட்டும் கையுமாக
பாலக்கோடு பஸ் ஸ்டாண்டைத் தாண்ட முடியும்.
ஆகவே எட்டுக்குப் படுக்கிறவள் நான்.

எட்டுக்குத்தான் விடிகிறது இதற்கு.

மாரண்டஹள்ளி லாரியில்,
பாதி நிரம்பிய கடைசித் தக்காளிப் பெட்டியில்,
கோணிக்கு அடியில் வந்தது.
எடை போட்ட சென்னப்பன்
"பன்னெண்டு கிலோ, முந்நூறு கிராம் கூட" என்றான்.
அந்த முந்நூறு கிராம் வாயைத் திறந்து கத்தியது.
பெட்டி என்றே பேர் வைத்தேன்.

இப்போது மூன்று கிலோ.
எட்டுக்குக் குழம்புச் சட்டியின் மூடி விழும்.
எட்டேகாலுக்கு நாட்காட்டி கிழியும், நாளைய தேதியோடு.
ஒன்பதுக்கு என் கால் கட்டைவிரல் எலியாகும்.
பதினொன்றுக்கு, எதற்கென்று தெரியாமல்,
சுவரைப் பார்த்து ஒரு நீண்ட முறையீடு.

திட்டிப் பார்த்தேன். வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன்.
கதவைப் பிறாண்டும் சத்தத்தில்
தூங்குகிறவர் யாராவது இருந்தால் கும்பிடுகிறேன்.
மறுநாள் நூற்றெண்பதை நூற்றெட்டு என்று எழுதி
முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கால்நடை மருத்துவமனையில்
ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவே
என் கூடையைப் பார்த்துச் சிரித்தார் டாக்டரம்மா.
"பகலெல்லாம் தூங்கினா ராத்திரி என்ன பண்ணும்?
ஓட விடு. பிடிக்க விடு. அப்புறம் தின்னக் குடு.
தின்னா நக்கும். நக்கினா தூங்கும்.
வரிசைய மட்டும் மாத்தாத."

வரிசை எண் போட்டே பிழைக்கிறவளிடம்
இதைச் சொன்னார்.

ஆறேமுக்கால்: ஜன்னலைச் சாத்துவேன்,
தர்மபுரி பஸ்ஸின் ஹாரன் வெளியே நிற்கட்டும்.
ட்யூப் லைட் அணைந்து மஞ்சள் பல்பு.
சாக்கு தைக்கும் சணல், நுனியில் ஒரு கோழி இறகு.
தரையோடு இழுக்கணும். நிறுத்தணும்.
பாய்க்கு அடியில் நழுவ விடணும்.
அந்தரத்தில் ஆட்டினால் சும்மா வேடிக்கை பார்க்கும்.
கடைசியில் பிடித்துக்கொள்ள விட்டுவிடணும்,
தோற்றுக்கொண்டே யாரும் தூங்கியதில்லை.

ஏழேகால்: பஞ்சப்பள்ளி டேம் ஜிலேபி,
உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து.
கூடவே துளி களி வைத்தேன் ஒருநாள்.
முகர்ந்துவிட்டு, மண் தள்ளி மூடுவதுபோல்
தரையைப் பிறாண்டியது.
இந்த மாவட்டத்தில் பிறந்து களியைப் புதைக்கப் பார்த்த ஜீவன்!

ஏழரை: நக்கல்.
என்னை அல்ல, தன் முன்னங்காலை.
ஏழரை என்றால் ஊரே சனிக்கு எள் விளக்கு ஏற்றுகிறது;
நான் அந்தச் சொரசொர சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன்.

நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
மூடி விழவில்லை.
விழவில்லையே என்று நான்தான் முழித்துக் கிடந்தேன்.

பிறகு விலை சரிந்த வாரம்.
பெட்டி அறுபது ரூபாய்.
திம்மராயன் என் மேசையில் ரெண்டு கையையும் ஊன்றி
"பறிகூலி, வண்டி வாடகை போக
என்ன மிச்சம்னு நீயே எழுதும்மா" என்றார்.
எழுதினேன். கமிஷனையும் கழித்து எழுதினேன்.

அன்று சாயங்காலம் சணலை இழுக்கிறேன்,
பெட்டி ஓடவில்லை.
இறகைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தது.
கை மட்டும்தான் இழுத்துக்கொண்டிருந்தது;
நான் இன்னும் அந்தக் கோட்டுக்குக் கீழே
தொகையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

வரிசை தப்பிய ராத்திரி அது.
பதினொன்றுக்குச் சுவரைப் பார்த்து அது கத்தியபோது
நான் அதட்டவில்லை.
கத்தட்டும், யாராவது.

இப்போதெல்லாம் சரியாகிவிட்டது, பெரும்பாலும்.
கணக்கு நோட்டின் மேலேயே சுருண்டுகொள்கிறது.
அலாரம் அடிப்பதற்கு ரெண்டு நிமிஷம் முன்பே எழுந்து
அதை நிறுத்திவிடுகிறேன்.
விளக்குப் போடாமல் சேலை சுற்றி,
செருப்பைக் கையில் பிடித்து,
மூன்று கிலோவுக்கு அடியிலிருந்து
நோட்டை மெல்ல, மெல்ல
உருவுகிறேன்.